அர்த்தமில்லாத இருபது சொற்கள்

ஆங்கிலம் வாசிக்கக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை போட்டுவிட்டு இங்கிலாந்து எடுத்த முடிவும், அது நம் தெருவில் பெயர்ப்பலகையாக வந்து நிற்கும் கதையும்.

ஜூன் மாதம் வந்தால் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு விநோதமான தேர்வு நடக்கும். தேர்வு எழுதுபவர்களுக்கு வயது ஐந்து, மிஞ்சினால் ஆறு. எழுதுவது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிள்ளையாக ஆசிரியருக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் 40 சொற்களைக் காட்டுவார். பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். பொருள் கேட்க மாட்டார்கள். கேட்கவும் முடியாது. ஏனென்றால் அந்த 40-ல் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. ‘குவெம்ப்’, ‘ஸ்டெக்’ என்று எந்த அகராதியிலும் அகப்படாத சொற்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வேற்றுக்கிரகப் பிராணி கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும். ‘இது அந்தப் பிராணியின் பெயர்’ என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

பொருளில்லாத சொல்லை எதற்கு வாசிக்கச் சொல்ல வேண்டும்? காரணம் எளிமையானது. தெரிந்த சொல் என்றால், பிள்ளை அதை வாசித்ததா, முன்பே பார்த்து மனப்பாடம் செய்ததா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு அடித்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. யாருமே பார்த்திராத சொல்லுக்கு அந்தக் குறுக்குவழிகள் செல்லாது. எழுத்தைப் பார்த்து, ஒலியை எடுத்து, கூட்டி, சொல்லாக்கினால்தான் உண்டு.

‘ஃபோனிக்ஸ் ஸ்க்ரீனிங் செக்’ என்று பெயர் கொண்ட இந்தத் தேர்வு 2012-ல் நாடு முழுக்க அறிமுகமானது. 40-க்கு 32 வந்தால் தேர்ச்சி. வராவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் உட்கார வேண்டும். இதற்குப் பின்னால் இருக்கும் பாடமுறைக்கு ‘சிஸ்டமேட்டிக் சிந்தெடிக் ஃபோனிக்ஸ்’ என்று பெயர். ‘சிந்தெடிக்’ என்றதும் சேலை ஞாபகம் வந்தால் மன்னிக்கலாம். ஒலிகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்து, பிறகு கூட்டச் சொல்வது, அதையும் ஒரு வரிசைப்படி விடாமல் செய்வது, இதுதான் விஷயம். எழுத்துக்கூட்டிப் படித்த நமக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் இதை நிலைநாட்ட ஒரு பெரிய யுத்தமே தேவைப்பட்டது. ‘வாசிப்பு யுத்தம்’ என்றே அதை அங்கே அழைக்கிறார்கள்.

சீ, ஏ, டீ… எப்படிக் ‘கேட்’ ஆனது?

நம்மில் பலர் ஆங்கிலம் கற்ற விதத்தை நினைத்துப் பாருங்கள். “சீ, ஏ, டீ… கேட்! கேட் என்றால் பூனை.” வகுப்பே சேர்ந்து கத்தியிருப்போம். ஆனால் சீயையும் ஏயையும் டீயையும் எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சீயேடீ’ என்றுதான் வருமே தவிர ‘கேட்’ வராது. ஆங்கில எழுத்தின் பெயர் வேறு, அது எழுப்பும் ஒலி வேறு. ‘டபிள்யூ’ என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலியே கிடையாது. ‘எச்’ என்று சொல்லும்போது ‘ஹ’ எங்கே வருகிறது? ஆக, எழுத்தின் பெயரை அடுக்கிச் சொல்லிக் கடைசியில் ‘கேட்’ என்று முடித்த பிள்ளை உண்மையில் வாசிக்கவில்லை. ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொன்னது. கெட்டிக்காரப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் ஒலியின் சூட்சுமத்தைத் தாமாகவே பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சொல் சொல்லாக மனப்பாடம் செய்து, பாடம் பெரிதானதும் மூச்சுத்திணறி நின்றார்கள்.

ஃபோனிக்ஸ் வகுப்பில் எழுத்தின் பெயர் பிறகுதான் வரும். முதலில் ஒலி. ‘ஸ்’ என்று ஒரு சீறல், ‘ட்’ என்று ஒரு தட்டல். பிள்ளை மூன்று ஒலிகளை இடைவெளி விட்டு இயந்திரம் போலச் சொல்லும். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சொல் கேட்கும். முதல் வாரங்களில் கற்றுக்கொடுக்கும் ஒலிகள் ஏ, பீ, சீ வரிசையில் இருக்காது. எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகள்தான் பெரும்பாலும் முதலில் வரும். இந்த ஆறை மட்டும் வைத்தே சிட், பின், டிப், நிப், டின் என்று ஏராளமான சின்னச் சொற்களைப் படித்துவிடலாம். பள்ளிக்கு வந்த சில வாரங்களில் ஒரு பிள்ளை, யாரும் சொல்லித்தராத ஒரு சொல்லைத் தானே வாசித்துவிடுகிறது. அந்த முதல் வெற்றிக்காகவே இந்த வரிசை.

பிறகு இரட்டை எழுத்துகள் வரும். எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் ‘ஷ்’. அதைப் பிரிக்கக் கூடாது, ஒரே ஒலி. சொல்லின் அடியில் ஒற்றை எழுத்து ஒலிக்கு ஒரு புள்ளி, இரட்டைக்கு ஒரு கோடு போட்டு, பிள்ளை விரலால் அதை அழுத்திக்கொண்டே வாசிக்கும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கதைப்புத்தகத்திலும் அதுவரை கற்ற ஒலிகளால் ஆன சொற்கள்தான் இருக்கும். ‘தி’, ‘வாஸ்’, ‘செட்’ மாதிரி கணக்குக்குள் அடங்காத சில சொற்களைத் தனியே ‘டிரிக்கி’ சொற்கள் என்று பிரித்து, அவற்றில் எந்த எழுத்து முரண்டு பிடிக்கிறது என்று காட்டிக் கொடுப்பார்கள்.

இவ்வளவு ஏற்பாடு ஏன்? ஆங்கிலத்தின் கோளாறு அப்படி. எழுத்துகள் 26. ஒலிகள் ஏறத்தாழ 44. ‘ஈ’ என்ற ஒரே ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு ஒரு ‘சீ’, கடலுக்கு ஒரு ‘சீ’, சாவிக்கு ‘கீ’, தலைவருக்கு ‘சீஃப்’. நான்கிலும் அந்த ஒலிக்கு எழுத்து வேறு வேறு. தலைகீழாகவும் நடக்கும். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கெழுத்துக் கூட்டணி ‘த்ரூ’வில் ஊ, ‘தோ’வில் ஓ, ‘டஃப்’பில் அஃப், ‘காஃப்’பில் ஆஃப். ஐரோப்பாவின் 13 மொழிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. டண்டீ பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் சீமோரும் குழுவினரும் செய்தது. பழக்கமான சொற்களை ஃபின்னிஷ் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படிக்கும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34 சதவீதம். அவர்களுக்கு வயதும் சற்றுக் குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு வயது மட்டும் காரணமாக இருக்க முடியாது. எழுத்துமுறையே பாதிச் சுமை.

ஊகிக்கச் சொன்ன காலம்

இத்தனை முரண்டு பிடிக்கும் எழுத்தைக் கட்டி அழுவானேன், சொல்லை முழுசாகப் படம் மாதிரி பார்த்துப் பழகட்டுமே என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பரவலாக வேரூன்றியது. ‘பார், சொல்’ முறை. நம் ஊர் நடுத்தர வர்க்க வீடுகளிலும் புழங்கிய லேடிபேர்டு நிறுவனத்தின் பீட்டர், ஜேன் புத்தகங்கள் 1964-ல் வெளிவரத் தொடங்கியவை. அதிகம் புழங்கும் சொற்களைப் பொறுக்கியெடுத்து, சலிக்கச் சலிக்கத் திரும்பச் சொல்லி மனதில் பதியவைக்கும் தொடர் அது. அமெரிக்காவில் ருடால்ஃப் ஃப்ளெஷ் என்பவர் 1955-லேயே ‘ஜானிக்கு ஏன் படிக்கத் தெரியவில்லை’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதி இந்த முறையைக் கிழித்தெறிந்தார். புத்தகம் அமோகமாக விற்றது. பள்ளிகள் பெரிதாக மாறவில்லை.

1967 ஒரு வேடிக்கையான ஆண்டு. ஹார்வர்டின் ஜீன் சால் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்ற பிள்ளைகளே நன்றாக வாசிக்கிறார்கள் என்று எழுதினார். அதே ஆண்டு கென் குட்மன் என்ற கல்வியாளர், வாசிப்பு என்பதே ஒருவகை ஊக விளையாட்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வாசகர் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை, இடம் பொருள் பார்த்து அடுத்த சொல்லை ஊகித்துவிடுகிறார் என்பது அவர் கட்சி. சால் அடுக்கியது சான்றுகளை. குட்மன் சொன்னது கேட்க இனிமையாக இருந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் ஜெயித்தது இனிமைதான்.

வகுப்பறையில் அது இப்படி இருக்கும். தெரியாத சொல் வந்தால் பிள்ளை படத்தைப் பார்க்க வேண்டும். முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும். வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று யோசிக்க வேண்டும். புத்தகத்தில் ‘போனி’ என்று அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் குதிரைப் படம். பிள்ளை ‘ஹார்ஸ்’ என்று வாசித்தால்? பொருள் கெடவில்லையே, பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்துவிடுவார்கள். பெற்றோருக்கோ பிள்ளை சரளமாக வாசிப்பதாகவே தோன்றும். மூன்றாம் வகுப்பில் படம் குறையும், சொல் பெருகும். அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

இந்தக் கோட்பாட்டைச் சோதித்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கீத் ஸ்டனோவிச் என்ற உளவியலாளர், நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட்டுடன் சேர்ந்து 1970-களில் ஆய்வில் இறங்கியபோது ஊகக் கட்சி சரி என்றுதான் நம்பினார். நன்றாக வாசிப்பவர்கள் சூழலை வைத்து அதிகம் ஊகிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். முடிவு நேர்மாறாக வந்தது. நன்றாக வாசிப்பவர்களுக்குச் சொல்லை அடையாளம் காண ஊகமே தேவைப்படவில்லை. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல் வந்து நின்றது. ஊகத்தை நம்பியிருந்தவர்கள், வாசிக்கத் தடுமாறியவர்கள்தான். அதாவது, வாசிக்கத் தெரியாதவர்களின் தந்திரத்தை எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்! இதற்குப் பிறகும் 1998-ல் இங்கிலாந்து அரசு கொண்டுவந்த தேசிய எழுத்தறிவுத் திட்டம், ஒலியையும் ஊகத்தையும் நான்கு ‘தேடுவிளக்கு’களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. சமரசம்தான். எந்த விளக்கைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத்தான் புரியவில்லை.

சின்னஞ்சிறு மாவட்டம் ஒன்றில்…

திருப்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. எடின்பரோவுக்கு வடமேற்கே இருக்கும் கிளாக்மனன்ஷயர் மிகச் சிறிய வட்டாரம். ‘குட்டி மாவட்டம்’ என்பதே அதன் செல்லப்பெயர். ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதியில் அங்கே பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சுமார் 300 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு வழக்கமான முறையும் அதன் ஒரு மாறுதலும். முழுச் சொல்லைக் காட்டி அதிலிருந்து மெதுவாக ஒலிகளைக் கவனிக்க வைப்பது அந்த முறை. மூன்றாவது குழுவுக்கு ஒலிகளைக் கூட்டும் முறை. நாளுக்கு 20 நிமிடம், 16 வாரம். முடிவில் மூன்றாவது குழு சொல் வாசிப்பில் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மாதம் முன்னால் இருந்தது. பார்த்தார்கள், மற்ற இரண்டு குழுக்களுக்கும் அதே முறையைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளை ஏழாம் ஆண்டு வரை பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்ட அறிக்கைதான் இங்கிலாந்தைக் குலுக்கியது. ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது சொற்களை வாசிப்பதில் தம் வயதைவிட மூன்றரை ஆண்டு முன்னால் இருந்தார்கள். எழுத்துப்பிழையின்றி எழுதுவதில் ஓராண்டு எட்டு மாதம் முன்னால். எப்போதும் பின்தங்கும் பையன்கள் இங்கே சொல் வாசிப்பில் பெண்பிள்ளைகளைத் தாண்டியிருந்தார்கள். பத்திரிகைகள் தலைப்பு போட இது போதாதா?

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. வாசித்ததைப் புரிந்துகொள்வதில் அவர்கள் முன்னால் இருந்தது மூன்றரை மாதம் மட்டும். மூன்றரை ஆண்டு எங்கே, மூன்றரை மாதம் எங்கே! இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்காதவர்கள் இந்த விவகாரத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. எல்லாக் குழுக்களுக்கும் அதே முறையைக் கொடுத்துவிட்ட பிறகு ஒப்பிட ஆளில்லை. நல்ல மனதோடு செய்த காரியம்தான், ஆய்வுக்கு அது ஓட்டை. விமர்சகர்கள் அந்த ஓட்டையில் கையை விட்டு இன்றுவரை எடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆய்வு நடந்த ஸ்காட்லாந்து இதைக் கட்டாயமாக்கவில்லை. கல்வி அங்கே தனி அதிகாரம். கட்டாயமாக்கியது பக்கத்து இங்கிலாந்து. பள்ளி ஆய்வுத் துறையில் உயர்பதவி வகித்த ஜிம் ரோஸ் தலைமையில் அரசு அமைத்த குழு 2006 மார்ச்சில் அறிக்கை தந்தது. ஒலிமுறைதான் தொடக்க வாசிப்பின் முதன்மை வழி, அதையும் முறையாக, வரிசையாக, வேகமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றது. அப்போது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. 2010-ல் ஆட்சி மாறியது, கொள்கை மாறவில்லை. இன்னும் இறுகியது. கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், அவருக்குக் கீழே பள்ளிகள் துறை அமைச்சராகப் பல முறை வந்துபோன நிக் கிப், இருவரும் இதைத் தங்கள் லட்சியமாகவே எடுத்துக்கொண்டார்கள். பாடப்பொருள் வாங்க ஒவ்வொரு பள்ளிக்கும் 3,000 பவுண்டு வரை அரசு பங்களித்தது. 2012-ல் வேற்றுக்கிரகப் பிராணிகள் வந்திறங்கின.

பலித்ததா?

முதல் ஆண்டில் தேறியவர்கள் 58 சதவீதம். 2019-ல் 82 சதவீதம். கொரோனா முடிந்து 2022-ல் 75-க்கு விழுந்து, 2024-ல் 80-க்குத் திரும்பியது. பெரிய ஏற்றம்தான். ஆனால் எந்தத் தேர்வுக்கும் பழகப் பழக மதிப்பெண் ஏறும் என்பது நமக்குத் தெரியாததா? முதலிரண்டு ஆண்டுகளில் தேர்ச்சி எண் 32 என்று முன்பே ஆசிரியர்களுக்குத் தெரியும். மதிப்பெண் வரைபடத்தில் 31 வாங்கியவர்கள் கொஞ்சம் பேர், 32 வாங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக! பிறகு தேர்வு முடியும்வரை அந்த எண்ணை வெளியிடுவதை நிறுத்தினார்கள். மதிப்பெண் கருணை நமக்கு மட்டும் சொந்தமில்லை.

நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் சிலர் இந்தத் தேர்வில் தடுக்கி விழுவதும் உண்டு. ‘ஸ்ட்ராம்’ என்ற பொருளற்ற சொல்லைப் பார்த்ததும், புத்தகம் படித்துப் பழகிய பிள்ளை அதை ‘ஸ்டார்ம்’ என்று திருத்தி வாசித்துவிடும். புயல் என்ற பொருள் அதற்குத் தெரியும், தெரிந்ததே குற்றமாகிவிடும். ஆசிரியர்களின் இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது சிலரின் கதை. ஒலியே பிடிபடாமல் பின்தங்கும் பிள்ளையை ஆறு வயதிலேயே கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் தேர்வின் வேலை, அதை அது செய்கிறது.

வெளி அளவுகோல் என்று பார்த்தால், பத்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் பன்னாட்டு ‘பிர்ல்ஸ்’ ஆய்வில் 2021-ல் இங்கிலாந்து உலகின் நான்காம் இடத்தைப் பிடித்தது. அமைச்சர்கள் மார்தட்டினார்கள். எண்களைப் பார்ப்போம். 2006-ல் 539. 2011-ல் 552. 2016-ல் 559. 2021-ல் 558. அதாவது கடைசிச் சுற்றில் இங்கிலாந்து ஏறவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. கொரோனாவில் மற்ற பல நாடுகள் சறுக்கின. நிற்பதும் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஃபோனிக்ஸின் தனிச்சாதனை என்று நிரூபிக்க இந்த எண்கள் போதாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் டொமினிக் வைஸ், ஆலிஸ் பிராட்பரி இருவரும் 2022-ல் எழுதிய கட்டுரை, ஒலிப்பாடத்தைக் கதைப்புத்தக வாசிப்பிலிருந்து பிரித்துத் தனியாக்கியது தவறு என்று வாதிட்டது. ‘ஃபோனிக்ஸே வேண்டாம்’ என்று அவர்களும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சண்டையின் எல்லைக்கோடு அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தில் மிகவும் எடையுள்ள சான்று பொருளாதார வல்லுநர்களிடமிருந்து வந்தது. ஸ்டீஃபன் மச்சின், சாண்ட்ரா மெக்னலி, மார்த்தினா வியாரெங்கோ ஆகிய மூவர். இங்கிலாந்தில் இந்த முறை எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே நாளில் போகவில்லை, படிப்படியாகத்தான் போனது. அதைப் பயன்படுத்தி, முன்னே பெற்ற வட்டாரத்தையும் பின்னே பெற்ற வட்டாரத்தையும் ஒப்பிட்டார்கள். 2018-ல் வெளியான முடிவு இது: ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் பலன் பெரிது. பதினோரு வயதில் சராசரியாகப் பார்த்தால் பலன் கரைந்துவிடுகிறது. ஏனென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எந்த முறையில் சொல்லிக்கொடுத்தாலும் கடைசியில் வாசிக்கக் கற்றுவிடுகிறார்கள். ஆனால் இரண்டு கூட்டத்தாருக்கு மட்டும் பலன் பதினோரு வயதிலும் கரையவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள்.

இரண்டாவது கூட்டத்தில் நம்மவர்களும் உண்டு. லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்து ஐந்து வயதுக்குள் அந்த வகுப்பறையில் உட்காருகிறார்கள். ஊகித்துப் படி என்றால், ஊகிப்பதற்கு முதலில் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மொழியில் ஊகம் எங்கிருந்து வரும்? ஒலியைக் கூட்டச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டிலிருந்து ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். இந்த முறைக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் கிடையாது.

அமெரிக்காவில் இதே கதை பத்தாண்டு பின்னால் நடக்கிறது. நாட்டின் ஏழை மாநிலங்களில் ஒன்றான மிசிசிப்பி 2013-ல் சட்டம் போட்டு ஆசிரியர்களுக்கு ஒலிமுறைப் பயிற்சி கொடுத்தது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தியும் வைத்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-ல் 49-வது இடம். 2019-ல் 29. 2024-ல் முதல் பத்துக்குள். எமிலி ஹான்ஃபோர்டு என்ற பத்திரிகையாளர் 2022-ல் ஊகமுறையின் வரலாற்றைத் தோண்டி வெளியிட்ட ஒலித்தொடரைக் கேட்டுக் கொதித்த பெற்றோர் பல மாநிலங்களில் சட்டத்தை மாற்ற வைத்தார்கள்.

நம் தெருவில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். ‘ஃபோனிக்ஸ், அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங்’ என்று ஃப்ளெக்ஸ் பலகை தொங்காத தெரு இன்று எந்த நகரத்தில் இருக்கிறது? இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் என்ற கடலோர ஊரில் சூ லாய்டு, சாரா வெர்னம் என்ற இரு ஆசிரியைகளின் வகுப்பறையில் உருவாகி 1990-களில் வெளிவந்த ‘ஜாலி ஃபோனிக்ஸ்’ நம் மழலையர் பள்ளிகள் வரை வந்துவிட்டது. 42 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அபிநயம். ‘ஸ்’ என்றால் கை பாம்பாக நெளியும். பிள்ளைகள் அற்புதமாக ஆடிக் காட்டுகிறார்கள். ஆண்டுவிழா மேடைக்கு ஏற்ற சரக்கு. மூன்றெழுத்துச் சொல்லைப் பலகையில் எழுதி வாசி என்றால்தான் சிக்கல். ஒலி தெரிவது பாதி வேலை. கூட்டுவது மீதி. மீதி வேலைக்கு ஆடலும் பாடலும் கிடையாது, தினமும் உட்கார்ந்து பழக்க வேண்டும். அதனால் அது பல இடங்களில் விடுபட்டுப்போகிறது.

நம் நாக்குக்கு என்று ஒரு தனிச்சிக்கலும் உண்டு. வல்லெழுத்தில் சொல்லை முடிக்க நமக்கு மனம் வராது, ஓர் ‘உ’ போட்டுத்தான் முடிப்போம். கேட்டு, பஸ்ஸு, கப்பு. ஆசிரியரே ‘க்கு, ட்டு, ப்பு’ என்று ஒலிகளைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எப்படிக் கூட்டினாலும் உருப்படியான ஆங்கிலச் சொல் வராது. இங்கிலாந்திலும் ஆசிரியர்கள் ஒலிக்குப் பின்னால் ஓர் ‘அ’வை ஒட்டிவிடுவதுண்டு. அதைக் களையத்தான் பயிற்சியில் முதல் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். இங்கே பயிற்சி என்பது பல மையங்களில் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது.

இவை சரிசெய்யக் கூடியவை. சரிசெய்ய முடியாதது வேறு. ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் 1986-ல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஹாரோவில் படிக்கும் தமிழ்ப்பிள்ளை ‘ஹென்’ என்று கூட்டி வாசித்தால் அது கோழி என்று விளையாட்டு மைதானத்தில் தெரிந்துகொள்ளும். மொழி அதன் காதில் நாள் முழுக்க விழுகிறது. தஞ்சாவூரிலோ தென்காசியிலோ ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சொல் வகுப்பறைக்கு வெளியே எங்கும் காதில் விழாது. அது ‘ஹென்’னையும் ‘குவெம்ப்’பையும் ஒரே மாதிரிதான் வாசிக்கும். இங்கிலாந்துப் பிள்ளைக்கு 20 சொற்கள் பொருளற்றவை. நம் பிள்ளைக்கு 40-மே அப்படித்தான். ஒலிப்பயிற்சியை எவ்வளவு உயர்த்தினாலும் பெருக்கலின் மறுபக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அந்த மறுபக்கம் நிரம்பி வழியும் மொழி ஒன்று அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து வயதில் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள் அதற்குத் தெரியும். எழுத்தும் அனுகூலமானது. ‘ப’வைப் ‘ப’ என்றே சொல்கிறோம், பெயரும் ஒலியும் ஒன்று. ப-ட-ம், படம். (கல்லில் வரும் ‘க’வும் தங்கத்தில் வரும் ‘க’வும் வேறு வேறு ஒலி என்பது உண்மை. ஆனால் சொல் தெரிந்த பிள்ளைக்கு அது இடறாது.) அதைவிட முக்கியமாக, ‘க் + ஆ = கா’ என்று நம் பிள்ளைகள் சுவரைப் பார்த்துப் பாடுகிறார்களே, அது என்ன? மெய்யையும் உயிரையும் தனித்தனி ஒலியாகப் பிரித்து மறுபடி கூட்டும் பயிற்சி. இங்கிலாந்து சட்டம் போட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்ததும் இதைத்தான். நாம் அதைப் பொருள் புரியாத ராகமாக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் அதையே காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு மொழியில் ஒலியைக் கூட்டி வாசிக்கப் பழகிய பிள்ளை அந்தச் சூட்சுமத்தை அடுத்த மொழியில் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புதிய எழுத்துகளையும் அவற்றின் முரண்டுகளையும் கற்றால் போதும். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளின் அடிப்படை வாசிப்பைக் குறிவைத்தது சரியான இடம் பார்த்து அடித்த அடிதான். அதே அக்கறை தனியார் மழலையர் பள்ளிகளின் தமிழ் வகுப்புக்கும் வர வேண்டும். அங்கே தமிழ், வாரத்தில் சில பீரியடுகளாகச் சுருங்கிக் கிடக்கிறது.

ஃபோனிக்ஸ் வகுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலம் கற்பதென்றால் எழுத்தின் பெயரைக் கத்துவதைவிட ஒலியைக் கூட்டுவது பல மடங்கு மேல், அதில் சந்தேகமில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஒலிகளைக் கூட்டி, முன்பின் பார்க்காத சொல்லை வாசிக்கிறார்களா, இல்லை அபிநயம் மட்டும் பிடிக்கிறார்களா? வாசித்த சொல்லுக்கு என்ன பொருள் என்று ஆசிரியர் ஒருமுறையாவது கேட்கிறாரா? அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையின் முதல் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இதுவரை நடத்தாத ஒரு பக்கத்தைத் திறந்து, படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், ஆங்கில ஃபோனிக்ஸ் கட்டணத்தை இந்த ஆண்டு நிறுத்திவைத்துவிட்டு முதலில் அந்தப் பக்கத்தை வாசிக்க வையுங்கள்.